குளிர்காலமும் பழைய காரும்: சூடேற்றியை நாமே திருத்தலாமா?

கடந்த தை மாதத்தின் ஓர் அதிகாலை. றொறன்ரோவில் வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழே 20 பாகை. இரவு வேலை முடித்த மனைவியை அழைத்துவரப் புறப்பட்டேன். எங்கள் பழைய காரின் சூடேற்றி குளிர்காற்றையே ஊதியது. முன்கண்ணாடியின் உட்புறத்தில் என் மூச்சே உறைந்து படலமாயிற்று. வங்கி அட்டையால் அதனைச் சுரண்டி, உள்ளங்கை அளவான இடைவெளியினூடாகத் தெருவைப் பார்த்து ஓட்டினேன். அகதி விண்ணப்பம் நிலுவையில் உள்ள ஒருவன் விபத்தில் மாட்டிக்கொள்வதன் பொருளை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மறுநாள் திருத்தகம் ஒன்றில், முன்பலகை முழுவதையும் கழற்றிச் சூடேற்றியின் உட்கலத்தை மாற்றவேண்டும் என்றார்கள். கேட்ட தொகை என் இரு வாரக் கூலி.

ஊரிலே பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் கற்பித்தவன் நான். வெப்பக் கடத்தலைக் கரும்பலகையில் எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். ஆயினும் ஒரு காரின் மூடியை உயர்த்திப் பார்த்ததில்லை. எனக்குக் கைகொடுத்தவர் மேல்மாடியில் வசிக்கும் அயலவர். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலால் இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் யாழ்ப்பாணத்துத் தெருக்களில் கார் ஓட்டியவர். மூடியைத் திறந்ததும் அவர் கேட்ட முதற் கேள்வி:

“சேர், இதுக்குள்ள என்ன விட்டனீங்கள்?”

“மாரிக்கு முதல் தண்ணி குறைஞ்சிருந்தது. குழாய்த் தண்ணி விட்டனான்.”

“பச்சைத் தண்ணியோ? இது யாழ்ப்பாணம் இல்லை, சேர். எஞ்சின் வெடிக்காமல் இருந்தது உங்கட நல்ல காலம்.”

நீர் உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு விரிவடையும் என்பதை மாணவருக்குச் சொன்னவன் நான்தான்.

காரின் சூடேற்றி தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. இயந்திரத்தைச் சுற்றியோடும் திரவம் அங்குள்ள வெப்பத்தை ஏந்தி, முன்பலகைக்குப் பின்னாலுள்ள சிறிய ரேடியேற்றர் ஒன்றினூடாகச் செல்கிறது. அதன்மீது விசிறி ஊதும் காற்றே நமக்குச் சூடாக வருகிறது. இயந்திரம் ஏறத்தாழ 90 பாகையை அடையும்வரை, திரவத்தைப் பெரிய ரேடியேற்றருக்குச் செல்லவிடாது தடுக்கும் சிறு கதவே தேர்மோஸ்ரற். அது திறந்தபடி இறுகிவிட்டால் இயந்திரம் சூடாகாது, நாமும் நடுங்கவேண்டியதுதான்.

பணம் கொடுக்குமுன் எவரும் செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு. முதலில், இயந்திரம் ஆறியிருக்கும்போது திரவத்தின் மட்டத்தைப் பாருங்கள். சூடாக இருக்கையில் ரேடியேற்றர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் அடங்கியிருக்கும் திரவம் கொதித்துச் சீறி முகத்தைப் பொசுக்கிவிடும். அடுத்து, இருபது நிமிடம் ஓட்டியும் வெப்பமுள் நடுப்பகுதிக்கு ஏறாவிட்டால் தேர்மோஸ்ரற்றைச் சந்தேகியுங்கள். முள் ஏறியும் காற்றுச் சூடாகாவிட்டால், சூடேற்றிக்குச் செல்லும் இரு இறப்பர்க் குழாய்களையும் விசிறி, பட்டிகளில் படாது அவதானமாகத் தொட்டுப் பாருங்கள். ஒன்று சூடாகவும் மற்றது குளிராகவும் இருந்தால் உட்கலத்தில் அடைப்போ காற்றோ உண்டு. இரண்டும் சூடாக இருந்தால், உள்ளே காற்றைத் திசைதிருப்பும் தகடு பழுதாகியிருக்கலாம். இனிப்பு மணம், கண்ணாடியில் பிசுபிசுப்பு, கால்விரிப்பில் ஈரம் ஆகியவை உட்கலம் ஒழுகுவதன் அடையாளங்கள்.

எங்கள் காரில் முள் அடியிலேயே கிடந்தது. இரு குழாய்களும் வெதுவெதுப்பாகவே இருந்தன. உட்கலத்தில் குறையில்லை என்றார் அயலவர்.

ஞாயிறன்று, ஆறிய இயந்திரத்திலிருந்து திரவத்தைப் பேசினில் வடித்தோம். இரு ஆணிகளைக் கழற்றியதும் தேர்மோஸ்ரற் கைக்கு வந்தது. குளிரில் மூடியிருக்கவேண்டிய அது வாயைப் பிளந்தபடி இருந்தது. புதியதை ஒரு பழைய தகரப் பேணியில் நீரிலிட்டுச் சூடாக்கினோம். நீர் கொதியை நெருங்கியபோது அது மெல்லத் திறந்ததை என் மகள் கைதட்டி இரசித்தாள். புதிய வளையத்துடன் அதனைப் பொருத்தி, உறைதடுப்புத் திரவத்தையும் காய்ச்சி வடித்த நீரையும் சம அளவில் கலந்து நிரப்பினோம். இக்கலவை பூச்சியத்திற்குக் கீழே ஏறத்தாழ 37 பாகைவரை உறையாது. கலக்காத திரவமோ கீழே 13 பாகையிலேயே உறைந்துவிடும். கூட ஊற்றினால் நல்லது என்று எண்ணவேண்டாம். காருக்குரிய வகையைக் கைந்நூலில் பார்த்து வாங்குங்கள், நிறத்தை நம்பவேண்டாம். பின்னர் மூடியைத் திறந்தபடியே காரை இயக்கி, சூடேற்றியை உச்சத்தில் வைத்து, குமிழிகள் அடங்கும்வரை விட்டோம்.

அவதானிக்கவேண்டியவை மூன்று. உறைதடுப்புத் திரவம் இனிப்பான நஞ்சு. குழந்தைகளுக்கு எட்டாது வையுங்கள். வடித்ததை வடிகாலில் ஊற்றாது நகரசபையின் நச்சுக்கழிவு நிலையத்தில் ஒப்படையுங்கள். மூடிய கராஜினுள் காரை இயக்காதீர்கள். அங்கு சேரும் காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, ஆளைக் கொன்றுவிடும். குளிரூட்டியின் வாயுக் குழாய்களை மட்டும் தொடவேண்டாம். பல கார்களில் உள்ள ஆர்-134ஏ வாயு, காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 1400 மடங்கு புவியைச் சூடாக்குவது. அது அனுமதி பெற்றவரின் வேலை. காற்று வடிகட்டியை மாற்றுவதும் உருகியைப் பார்ப்பதும் நம்மால் இயலும்.

அன்றிரவு முள் நடுவுக்கு ஏறியது. மனைவி காரில் ஏறிய சிறிது நேரத்தில் கையுறைகளைக் கழற்றினாள்.

அயலவர் பணம் வாங்க மறுத்துவிட்டார். தேநீரை அருந்தியபின், சட்டைப்பையிலிருந்து மடித்த கடிதமொன்றை எடுத்தார். குடிவரவுத் திணைக்களத்திலிருந்து வந்தது.

“சேர், இதுக்கு ஒரு பதில் எழுதவேணும். இங்கிலிசிலை.”

மேசையைத் துடைத்துவிட்டு இருவரும் அமர்ந்தோம்.