சாவாளையும் அதன் வெள்ளியும்

கருங்குழிப் பக்கத்துச் சங்கங்களுக்குத் தணிக்கைக்குச் செல்லும் நாட்களில், நெசவாளர் இல்லங்களில் நாம் அடிக்கடி காண்பது சாவாளைக் கருவாடு. மதுராந்தகம் ஏரியில் அகப்படும் வாளை வேறு, அதற்கு மீசையுண்டு. இது கடல் மீன்; சரிகைப் பட்டை போன்று நீண்டு தட்டையாயிருப்பது.

1829இல் பாரிஸ் அறிஞர் குவியே இம்மீனை விவரித்தபோது, புதுச்சேரியில் வழங்கிய பெயரையே ஏற்று 'சவலா' எனப் பெயரிட்டார். நம் மீனவரின் சொல் அவ்வாறே உலக நூல்களில் நிலைத்துவிட்டது. அதன் நெருங்கிய உறவான மற்றோர் இனத்துக்கு லின்னேயஸ் 1758இல் இட்ட பெயர் டிரைக்கியூரஸ்; 'மயிர்வால்' என்பது பொருள். இவற்றுக்கு வால் துடுப்பில்லை. உடல் மயிரிழையாய்க் கூர்ந்து முடிகிறது. செதிளும் இல்லை. ஆயினும் பற்கள் கொடியவை. நெத்தலி, இறால் மட்டுமன்றித் தன் இனக் குஞ்சுகளையும் விழுங்கும்.

செதிளுக்குப் பதிலாக மேனியில் வெள்ளிப் பூச்சு ஒன்றுண்டு. விரல் பட்டாலே அது ஒட்டிக்கொண்டு வரும். இழுவலையில் நசுங்கியது மங்கிப் போகும். தூண்டிலில் பிடித்தது பளபளக்கும். விலை அந்த வெள்ளியைப் பொறுத்தது. பெரியவை உறைபதனமாகிச் சீனா முதலிய நாடுகளுக்குச் செல்கின்றன. சிறியவை கருவாடாகின்றன. சிறு மீன்களை அளவின்றிப் பிடிப்பதைத் தடுக்கக் கேரள அரசு 46 செ.மீ. என்று குறைந்த அளவு விதித்துள்ளது.

கருங்குழிக்கு நேர் கிழக்கே சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர் ஒரு காலத்தில் மெல்லிய துணி ஏற்றுமதி செய்த துறை அது. அக்கரையோரத்தில் மீனை மணலில் பரப்பி உலர்த்துவதும் உண்டு. பரண் கட்டி உலர்த்துவதும் உண்டு. பரணில் மண் ஒட்டாது. அடியிலும் காற்றுப் படும். ஆனால் ஒரு சங்கடம். வெயில் நன்கு காயும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது. ஐப்பசி கார்த்திகை மழையிலோ மீன் காய்வதில்லை.

அத்தகைய மழைக்காலத்தில்தான் நம் பகுதிச் சங்கமொன்றின் அங்கத்தினர் சிலர் கூடி ஒரு மூட்டை வாங்கினர். விலை பேசியவர்களில் நாமும் ஒருவர். மலிவென்று மகிழ்ந்தோம். சில நாட்களில் கருவாட்டின்மேல் இளஞ்சிவப்பு படர்ந்தது. உப்பிலும் உயிர்வாழும் நுண்ணுயிரின் வேலை அது. பாதி மூட்டையைக் குழியில் இட்டோம். கூலிப் பணத்தில் பங்கு போட்டவர்கள் எம்மிடம் ஒன்றும் கேட்கவில்லை, அதுவே கடினமாயிருந்தது.

இப்போது நாம் வாங்குமுன் ஒன்றை எடுத்து வளைத்துப் பார்க்கிறோம். துவண்டால் உள்ளே ஈரம் இருக்கிறது. நீரையும் சேர்த்தே நிறுக்கிறார்கள். மஞ்சளோடி எண்ணெய்க் காறல் வீசினால் அது பழஞ்சரக்கு. விறைத்து நின்று, வெள்ளி சிறிதேனும் மிஞ்சியிருந்தால் மட்டுமே விலை கேட்கிறோம்.