வானத்து ஓட்டையும் நம் வீட்டு ஏசியும்!

ஓசோன் படலம் என்றதும், பூமியைச் சுற்றி கனத்த போர்வை ஒன்று இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். நிஜம் வேறு. நம் தலைக்கு மேலே உள்ள மொத்த ஓசோனையும் தரைக்குக் கொண்டுவந்து, இங்குள்ள காற்றழுத்தத்தில் பரப்பினால் சுமார் 3 மில்லிமீட்டர் கனம்தான் வரும். இரண்டு நாணயங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தது போல!

இந்த ஓசோனில் பெரும்பகுதி தரையிலிருந்து 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் பரவிக் கிடக்கிறது. சூரியனின் புற ஊதாக் கதிர்களில் ஆபத்தானவற்றை வடிகட்டுவது இதுதான். அது மெலிந்தால் தோல் புற்றுநோய், கண்புரை பாதிப்புகள் கூடும். பயிர்களும் கடல்வாழ் நுண்ணுயிர்களும் பாதிக்கப்படும்.

எப்படி விழுந்தது ஓட்டை?

ஃப்ரிட்ஜ், ஏசி, ஸ்ப்ரே டப்பாக்களில் ஒரு காலத்தில் 'சி.எஃப்.சி' வாயுக்கள் இருந்தன. தீப்பிடிக்காது, விஷமில்லை என்பதால் 'பாதுகாப்பான வாயு' என்று பெயர் வாங்கியவை. ஆனால், இவை மேலே போய்ச் சிதைந்து குளோரினை வெளிவிடும். ஒரு குளோரின் அணு, ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகளைக்கூட அழிக்கும். மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் 1974-லேயே இதை எச்சரித்தார்கள். வாயு தயாரித்த நிறுவனங்கள் ஏற்கவில்லை.

1985-ல் சாட்சி கிடைத்தது. அண்டார்க்டிகாவின் ஹாலி ஆய்வு நிலையத்தில் பல ஆண்டுகளாக அளந்துவந்த பிரிட்டிஷ் விஞ்ஞானிகள், அங்கு வசந்த காலத்தில் ஓசோன் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருப்பதை வெளியிட்டார்கள். உலகம் அதிர்ந்தது. இரண்டே ஆண்டுகளில், 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரீல் ஒப்பந்தம் உருவானது. உலக நாடுகள் அனைத்தும் இதில் சேர்ந்தன. இந்தியா சேர்ந்தது 1992-ல். எச்சரித்த இருவருக்கும், பால் குருட்சனுக்கும் 1995-ல் நோபல் பரிசு கிடைத்தது.

பலன்? இப்போதைய கட்டுப்பாடுகள் தொடர்ந்தால், 2066 வாக்கில் அண்டார்க்டிகா ஓசோன் 1980-ல் இருந்த நிலைக்குத் திரும்பும் என்பது ஐ.நா. ஆதரவில் வந்த விஞ்ஞானிகளின் கணிப்பு. இன்று ஒன்றாம் வகுப்பு படிக்கும் குழந்தை அப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். கெடுக்கச் சில பத்தாண்டுகள். சரிசெய்ய ஓர் ஆயுளில் பாதி!

நாம் என்ன செய்யலாம்?

உங்கள் பழைய ஏசியின் லேபிளைப் பாருங்கள். 'ஆர்-22' என்றிருந்தால், அந்த வாயுவும் ஓசோனைக் கொஞ்சம் அரிக்கக்கூடியதே. புதிய ஏசிகளில் உள்ள 'ஆர்-32' ஓசோனைத் தொடாது. ஆனால், காற்றில் கலந்தால் பூமியைச் சூடாக்கும். எனவே எந்த ஏசியானாலும், கூலிங் குறைந்ததும் 'கேஸ் ஃபில் பண்ணிடுங்க' என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கே கசிகிறது என்று முதலில் பார்த்து அடைக்கச் சொல்லுங்கள். பழைய ஏசியைக் கழற்றும்போது கேஸைக் காற்றில் திறந்துவிடாமல், சிலிண்டரில் பிடிக்கத் தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கசிவை அடைத்தால் அடிக்கடி கேஸ் நிரப்பும் செலவும் மிச்சம்!