பதினைந்து கிலோ கணக்கு

சிங்கப்பூரில் குடியிருக்கும் மகளைப் பார்க்கச் சென்னீர்குப்பத்திலிருந்து கிளம்பும் அப்பா அம்மாவுக்கு, மலிவுக் கட்டண விமானத்தில் ஆளுக்கு 20 கிலோ என்றால் இருவருக்கும் 40. வெறும் பெட்டிகள் இரண்டும் 8 கிலோ, உடுத்தும் துணி 12, பேரப்பிள்ளைகளுக்கு எடுத்தது 5. மிச்சம் 15 கிலோ. அந்தப் பதினைந்துக்குள்தான் அம்மாக்கள் தங்கள் பிரியம் முழுவதையும் அடைக்கப் பார்க்கிறார்கள்.

வழக்கமாகப் பூந்தமல்லிக் கடைத்தெருவில் வாங்கி அடைப்பது இது: பொன்னி அரிசி 5 கிலோ, துவரம்பருப்பு 3, புளி 1. வீட்டிலிருந்து ஊறுகாய் 2, பொடிகள் 2, வடகமும் அப்பளமும் 2. முதல் மூன்றும் சேர்ந்து 9 கிலோ, அதாவது 60 சதவீதம். அந்த மூன்றுமே சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் எந்த மளிகைக்கடையிலும் கிடைக்கும்.

அரிசியை மட்டும் போட்டுப் பார்ப்போம். இங்கே கிலோ 65 ரூபாய் என்று வைத்தால் 5 கிலோ 325. அங்கே 5 கிலோ மூட்டை 13 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஒரு வெள்ளி 70 ரூபாய் என்று வைத்தால் 910. சுமந்துபோய் மிச்சம் பிடித்தது 585 ரூபாய். அங்கே ஆறு வெள்ளிக்கு ஒரு தட்டு பிரியாணி என்றால் 420. ஒன்றரைத் தட்டுக்கும் குறைவுதான். எடை கூடி, கவுன்டரில் கிலோவுக்குப் பல நூறு ரூபாய் கட்ட நேர்ந்தால் அந்த மிச்சமும் போச்சு.

வடகத்தின் கணக்கு வேறு. சின்ன வெங்காயத்தில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் தண்ணீர். 5 கிலோவை நறுக்கி, பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம் சேர்த்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி மாடியில் காயவைத்தால் வெங்காயத்தின் பங்கு 1 கிலோவுக்குச் சுருங்கிவிடும். சித்திரை வெயிலில் பல நாள் காய்ந்த அந்தச் சரக்கு, வீட்டுக்கு வீடு ருசி மாறுவது. மகள் குழம்பு தாளிக்கும்போது தேடுவது இதைத்தான். 2 கிலோ இருந்த இடத்தில் 4 கிலோ வைத்தாலும் தகும்.

அரிசி மூட்டையை இங்கேயே விட்டுப்போனால் இன்னொரு வரவும் உண்டு. மறுநாளே மகளோடு தேக்கா சந்தைக்குப் போக ஒரு காரணம் கிடைக்கும். 1915 முதல் எதிர்ப்புறம் இருந்த பழைய சந்தை 1982இல் இப்போதைய கட்டடத்துக்கு வந்தது. 2000இல் தேக்கா நிலையம் என்று பெயர் மாறியது. கீழே மீனும் காய்கறியும், பக்கத்திலேயே சாப்பாட்டுக் கடைகள். தமிழிலேயே விலை கேட்கலாம். நாலு பேர் சாப்பிட 24 வெள்ளி, 1,680 ரூபாய். இந்தப் பயணத்தில் யோசிக்காமல் செய்ய வேண்டிய செலவு இதுதான் என்பேன்.

கொண்டுபோகவே கூடாதவையும் சில உண்டு. கசகசாவில் மார்ஃபின் இருக்கக்கூடும் என்பதால் சிங்கப்பூரில் அது தடை. குருமாப் பொடியில் ஒரு ஸ்பூன் சேர்த்து அரைத்திருந்தாலும் சிக்கல்தான். இறைச்சி அனுமதி பெற்ற நாடுகளிலிருந்து மட்டுமே போகலாம். ஆட்டுக்கறி ஊறுகாயை ஆசைப்பட்டும் வைக்காதீர்கள். கொப்பரைத் தேங்காய் தீப்பற்றும் பொருள் என்பதால் 2022 முதல் செக்-இன் பெட்டியில் கூடாது.

அரிசியை அங்கே வாங்குங்கள், வடகத்தை இங்கிருந்து எடுத்துப்போங்கள். அரைக்கக் கொடுக்கும் முன் கசகசாவை மட்டும் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.