சேமிப்புக் கணக்கில் பிடிக்கப்படும் 10 வீத வரி: யார் விலக்குப் பெறலாம்?

காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என நமது ஊர்களில் ஓய்வூதியக் கொடுப்பனவையோ, பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தையோ வங்கியில் இட்டு, அதில் வரும் தொகையை மாதச் செலவுக்கு நம்பியிருப்போர் பலர். அந்தத் தொகையிலிருந்து 2025 ஏப்ரல் 1 முதல் 10 வீதம் வரியாகப் பிடிக்கப்படுகிறது. அதற்கு முன்னர் இது 5 வீதமாக இருந்தது.

பிரித்தானியாவில் 'ஐசா' என்ற வரியற்ற சேமிப்புக் கணக்கு உண்டு. ஆண்டுக்கு 20,000 பவுண் வரை அதில் சேமிக்கலாம். வருமானத்துக்கு வரி இல்லை. நமது நாட்டில் அப்படித் தனியான கணக்கு கிடையாது. இங்கே சலுகை கணக்குக்கு அல்ல, குறைந்த வருமானம் உள்ள ஆளுக்கே.

ஒருவரின் ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாவைத் தாண்டாவிட்டால் அவர் வருமான வரி செலுத்த வேண்டியதில்லை. ஆனால் வங்கிக்கு அது தானாகத் தெரியாது. நாம்தான் சுய பிரகடனப் படிவத்தை நிரப்பி வங்கியில் கொடுக்க வேண்டும். அதில் வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தையும் குறிப்பிட வேண்டும். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் இவ்விலக்கத்தைக் கட்டணமின்றிப் பெறலாம். இலக்கம் பெற்றதாலேயே வரி கட்ட வேண்டும் என்பதில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 10 இலட்சம் ரூபா வைப்புக்கு ஆண்டுக்கு 8 வீதம் கிடைப்பதாக வைத்துக்கொண்டால் வருமானம் 80,000 ரூபா. படிவம் கொடுக்காதவருக்கு 8,000 ரூபா குறைந்து 72,000தான் கைக்கு வரும்.

வட்டியைத் தவிர்த்து இஸ்லாமிய வங்கி முறையில் முழாறபா கணக்கு வைத்திருப்போரும் கவனிக்க வேண்டும். அங்கு கிடைக்கும் இலாபப் பங்கிலிருந்தும் இவ்வரி பிடிக்கப்படுகிறது.

மேலும் மூன்று விடயங்கள்: வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்குவதால் படிவத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பல வங்கிகளில் கணக்கிருந்தால் ஒவ்வொன்றிலும் கொடுக்க வேண்டும். ஏற்கனவே பிடிக்கப்பட்டிருந்தால், வங்கியின் சான்றிதழோடு திணைக்களத்திடம் மீளக் கோரலாம்.

சம்பளம், வாடகை, வியாபாரம் எல்லாம் சேர்த்தே 18 இலட்சம் கணக்கிடப்படும். அதைவிடக் கூடுதலாக உழைப்பவர் இப்படிவத்தில் ஒப்பமிடுவது பொய்ச் சாட்சியம், சட்டப்படியும் குற்றம்.

தகுதியிருந்தும் இழப்பவர்கள் பெரும்பாலும் படிவம் நிரப்பத் தெரியாத முதியோரும் விதவைகளுமே. பள்ளிவாசல் நிர்வாகங்களும் பாடசாலைப் பழைய மாணவர் சங்கங்களும் ஒரு நாளை ஒதுக்கி இவர்களுக்கு உதவினால், அது பெரியதொரு சமூகப் பணியாக அமையும்.