ஓட்டு விழும், ஆள் ஏறுமா?



"கார் ஆளும் ஊரிலே புது ரயில் வெல்லுமா, தோற்குமா?" என்று இரண்டு அணியும் மல்லுக்கு நின்றுவிட்டார்கள். இனி என் பாடு, தீர்ப்புச் சொல்லணும்.

'வெல்லும்' அணி அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸைக் காட்டியது. காருக்குப் பேர் போன ஊர். அங்கே இந்த மாதிரி வரி போட மூன்றில் இரண்டு பங்கு மக்கள் சரின்னு ஓட்டுப் போடணும். 2008இல், ஒரு டாலருக்குப் பொருள் வாங்கினால் அரை சென்ட் கூடுதல் வரி என்று கேட்டார்கள். ஏறக்குறைய 68 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். 2016இல் இன்னொரு அரை சென்ட், 71 சதவீதம்! நம்ம வீட்டுலே பால் விலை ஏறினால் எத்தனை நாள் புலம்புறோம்? அவர்கள் தாங்களாகவே வரி கேட்டு வாங்கியிருக்கிறார்கள். (கைதட்டல்)

எப்படி விழுந்தது அந்த ஓட்டு? ரயிலோடு பஸ்ஸுக்கும் பங்கு, சாலைக்கும் பங்கு, உள்ளூர்த் தெருவுக்கும் பங்கு. பந்தியிலே எல்லா இலைக்கும் சோறு விழுந்தது, சண்டை இல்லை.

'தோற்கும்' அணி சும்மா இருக்குமா? "ஓட்டுப் போட்டவன் ரயிலில் ஏறினானா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. 2018இல் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கணக்குச் சொன்னார்கள். 2000 முதல் 2015 வரை தென் கலிபோர்னியாவில் கூடிய மக்கள் 23 லட்சம். வீடுகளில் கூடிய வண்டிகள் 21 லட்சம். ஆளுக்கொரு வண்டி என்று சொல்லலாம் போல! (சிரிப்பு) புதுப் பாதைகள் திறந்த காலத்திலேயே பஸ், ரயில் பயணிகள் குறைந்தார்கள்.

அப்போ ஏன் ஓட்டுப் போட்டார்கள்? பக்கத்து வீட்டுக்காரர் ரயிலில் போகட்டும், எனக்கு ரோடு காலியாகட்டும் என்ற நல்லெண்ணம்தான்! பக்கத்து வீட்டுக்காரரும் அதையே நினைத்துத் தொலைத்தார். (பலத்த சிரிப்பு)

சிரிச்சாச்சு. இப்போ ஒரு வேதனையும் கேளுங்க. கார் வாங்க வழியில்லாதவர் கதி என்ன? அதே ஊரிலே, "பணமெல்லாம் ரயிலுக்குப் போகுது, எங்க பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை" என்று 1994இல் பஸ் பயணிகள் சங்கம் கோர்ட்டுக்குப் போனது. 1996இல்தான் நெரிசலைக் குறைக்க நிர்வாகம் ஒப்புக்கொண்டது. தினமும் ஏறுகிறவர் அவர்தானே? அவரை விட்டுவிட்டு யாருக்காக ரயில்?

அவர் கேட்பது பெரிசா ஒண்ணுமில்லை. 1982இல் அங்கே பஸ் கட்டணத்தை 85 சென்ட்டிலிருந்து 50 சென்ட்டாகக் குறைத்தார்கள். கூட்டம் ஏறியது. 1985இல் சலுகை முடிந்தது, கூட்டம் இறங்கியது. அவ்வளவுதான் ரகசியம்.

ஹூஸ்டனைப் பாருங்க. அதுவும் கார் ஊர்தான். 2004 ஜனவரி 1இல் ஓடத் தொடங்கிய ரயில், நகர மையத்தையும் பெரிய மருத்துவமனை வளாகத்தையும் இணைத்தது. காரை நிறுத்தத்தான் அங்கே பாடு. ஏறி இறங்க ஆள் இருந்தது.

நாஷ்வில் மக்களோ, 2018இல் ரயிலும் சுரங்கமும் கொண்ட திட்டத்தை 64 சதவீத ஓட்டில் தள்ளினார்கள். 2024இல் அதே மக்கள் நடைபாதை, சிக்னல், அடிக்கடி பஸ் என்று கேட்டதும், ஏறக்குறைய 66 சதவீதம் பேர் சரியென்றார்கள். வீட்டு வாசலுக்கு வருகிற நன்மை கண்ணுக்குத் தெரிந்தது.

ஆக, ஓட்டு ஒரு நாள் வேலை. பயணம் தினசரி வேலை. உடற்பயிற்சி சைக்கிள் வாங்க ஒரு நாள் உற்சாகம் போதும். தினமும் மிதிக்கலேன்னா துணி காயப் போடத்தான் ஆகும்!

எனவே தீர்ப்பு: கார் ஊரிலும் ரயில் ஓட்டை வெல்லும். ஆளையும் வெல்லணும்னா, ஆள் போகிற இடத்துக்கு ஓடணும், அடிக்கடி ஓடணும், கட்டணம் கையைக் கடிக்கக் கூடாது, இறங்கினால் நடக்கப் பாதையும் ஏற பஸ்ஸும் இருக்கணும். இதைச் செய்தால் 'வெல்லும்' அணிக்கே வெற்றி. செய்யாவிட்டால், எதிரணி சொன்னதே நடக்கும்!

(கைதட்டல்)