நாற்பதில் ஏறும் அழுத்தம், அறுபதில் தளரும் இதயம்

“எனக்கு ஒன்றும் செய்யவில்லையே, பிறகு எதற்கு மாத்திரை?” கடலூர், சிதம்பரம் வட்டாரங்களிலிருந்து எங்களிடம் வரும் நடுவயதினர் பலரும் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் தலைவலியோ தலைச்சுற்றலோ தருவதில்லை. அதன் விளைவு பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்தே வெளிப்படுகிறது.

அழுத்தம் மிகுந்த குழாய்களுக்குள் இரத்தத்தைத் தள்ள, இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலாக உழைக்கிறது. உழைக்கும் தசை தடிப்பது இயல்பு. ஆனால் தடித்த இதயச் சுவர் நாளடைவில் விறைத்துப்போகிறது. சுருங்குவதில் குறையில்லாவிடினும், விரிந்து இரத்தத்தை ஏற்க அதனால் இயலுவதில்லை. அறுபதைக் கடந்தவருக்கு மாடிப்படி ஏறுகையில் மூச்சு வாங்குவதற்கும், இரவில் மல்லாந்து படுக்க முடியாமல் எழுந்து உட்கார நேர்வதற்கும் இதுவும் ஒரு காரணம். மேலறைகள் விரிந்தால் துடிப்பின் தாளம் தவறலாம். அங்கே உறையும் கட்டி மூளையை அடைந்தால் பக்கவாதம்.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் பதிவான அளவு 186/108. வயதானால் அழுத்தம் ஏறத்தான் வேண்டும் என்று நம்பிய மருத்துவர்கள் அக்காலத்தில் இருந்தனர். நல்ல மாத்திரைகளும் இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று மூளை இரத்தக்கசிவால் அவர் இறந்தபோது வயது 63. 1948இல் ஃப்ராமிங்காம் என்னும் ஊரில் தொடங்கிய நெடுங்கால ஆய்வுதான் அந்த நம்பிக்கை தவறென்று காட்டியது. அவருக்குக் கிட்டாத மாத்திரைகள் இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் விலையின்றிக் கிடைக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அவற்றை வீட்டுக்கே கொண்டுவருகிறது.

இருந்தும், அளவு சரியானதும் மாத்திரையை நிறுத்திவிடுவோர் பலர். அளவு சரியானது மாத்திரையால்தான். நிறுத்தினால் மீண்டும் ஏறும். கால் வீங்கினாலோ வறட்டு இருமல் வந்தாலோ சொல்லுங்கள், வேறு மாத்திரைக்கு மாற்றித் தருவோம். மூட்டுவலிக்குக் கடையில் தாமாக வாங்கி உண்ணும் வலி மாத்திரைகள் பல அழுத்தத்தை ஏற்றக்கூடியவை. அதையும் மறைக்க வேண்டாம்.

உப்பைப் பற்றிப் பேசினால் எங்கள்மீது கோபம் வருவதுண்டு. முதுநகர், பரங்கிப்பேட்டைப் பக்கத்தாரிடம் கருவாட்டைக் கைவிடச் சொல்வது எளிதன்று. நாளொன்றுக்கு மொத்தம் 5 கிராமுக்குள், அதாவது ஒரு சிறு தேக்கரண்டிக்குள், உப்பு அடங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. கருவாடு, ஊறுகாய், அப்பளம், பண்ருட்டியின் உப்பிட்டு வறுத்த முந்திரி எல்லாம் அக்கணக்கில் சேரும். கருவாட்டை நன்கு ஊறவைத்துக் கழுவி, குழம்பில் தனியே உப்பிடாமல், எப்போதாவது உண்ணலாம்.

அளவெடுக்கும் முன் அரைமணி நேரம் காபி, தேநீர், புகையிலை வேண்டாம். ஐந்து நிமிடம் சாய்ந்தமர்ந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை இதய மட்டத்தில் வைத்து, பேசாமல் இருங்கள். பேருந்திலிருந்து இறங்கி ஓடிவந்த மூச்சோடு எடுத்த ஓர் அளவை வைத்து நாங்கள் முடிவு செய்வதில்லை. வெவ்வேறு நாள்களில் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் உயர் அழுத்தம் என்போம்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபின் நம் மாவட்டம் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். ஐப்பசி மழைக்கு முன்பே, ஒரு மாத மாத்திரையையும் மருந்துச் சீட்டின் நகலையும் நீர் புகாத உறையிலிட்டு, வீட்டில் உயரமான இடத்தில் வையுங்கள்.