உங்களுக்குத் தெரியுமா? – கொரியாவில் ஒத்தை ஆள் சாப்பாடு

◆ "எத்தனை பேர்?" தென்கொரிய உணவகத்தில் கால் வைத்ததும் காதில் விழும் முதல் கேள்வி இதுதான். ஒரு விரலைக் காட்டிப் பாருங்கள். மேஜையிலேயே அடுப்பு வைத்துப் பன்றி இறைச்சியைச் சுட்டுத் தின்னும் சம்கியோப்சல் கடை என்றால், "ரெண்டு பேர் அளவுக்குக் குறையாம வாங்கணும்" என்ற பதில் வர நிறைய வாய்ப்புண்டு. மெனு அட்டையிலேயே அதை அச்சடித்திருப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், விலை போட்டிருப்பது ஒரு ஆள் அளவுக்குத்தான். பெரும்பாலும் 150 முதல் 200 கிராம். அந்த ஒரு ஆள் அளவை ஒரு ஆள் வாங்க முடியாது!

◆ கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் அவர் கணக்கையும் பார்த்துவிடலாம். கிம்ச்சி, கீரை, முளைகட்டிய பயறு, நெத்திலி வறுவல், முள்ளங்கி என்று சின்னச் சின்னக் கிண்ணங்களில் வந்து நிறையும் தொடுகறிகளுக்குப் பான்ச்சான் என்று பெயர். இவற்றுக்குத் தனி விலை கிடையாது. தீரத் தீரக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நம்மூர் மெஸ்ஸில் ஆளுக்கு ஒரு இலை. ஒருத்தர் வந்தாலும் நாலு பேர் வந்தாலும் முதலாளிக்கு இலைக்கணக்கு நேராகிவிடும். அங்கேயோ பரிமாறுவது மேஜைக்கு. ஒருத்தருக்காகவும் அதே கிண்ணங்கள், அதே கீரைக்கூடை, அதே கரி அடுப்பு. போதாக்குறைக்கு நாலு நாற்காலி போட்ட மேஜையில் மூன்று காலி. கூட்டம் அலைமோதும் மதிய வேளையில் அவர் முகம் சுளிப்பதன் காரணம் பாதி பண்பாடு என்றால், மீதி கல்லாப்பெட்டி.

◆ தனியாகச் சாப்பிடுவது 'ஹொன்பாப்', தனியாகக் குடிப்பது 'ஹொன்சுல்'. இரண்டும் 2010களின் நடுவில் எல்லார் வாயிலும் புழங்கத் தொடங்கிய சொற்கள்.

◆ அந்தச் சமயத்தில் இணையத்தில் சுற்றிய ஒரு விளையாட்டுப் பட்டியலில் தனிச்சாப்பாட்டுக்குப் படிநிலைகள் உண்டு. முதல் படி, கன்வீனியன்ஸ் ஸ்டோரில் நின்றபடி நூடுல்ஸ். பிறகு மாணவர் கேன்டீன், பர்கர் கடை, பெயர்பெற்ற உணவகம் என்று ஏறிக்கொண்டே போகும். எட்டாவது படியில்தான் இறைச்சி சுடும் கடை வருகிறது. ஒன்பதாவது, மதுக்கடையில் தனியாக உட்கார்ந்து குடிப்பது. நீங்கள் எத்தனையாவது படியில் இருக்கிறீர்கள் என்று நண்பர்கள் ஒருவரையொருவர் கேட்டுச் சிரித்துக்கொள்வார்கள். எட்டாம் படியைத் தாண்டியவருக்கு ஒரு மரியாதையே உண்டு.

◆ தன் கோப்பைக்குத் தானே ஊற்றிக்கொள்வது கொரிய மதுமேஜையில் மரியாதைக் குறைவு. அடுத்தவர் ஊற்ற வேண்டும். பெரியவர் ஊற்றினால் இரண்டு கையாலும் ஏந்திப் பிடிக்க வேண்டும். தானே ஊற்றிக்கொண்டால் எதிரே இருப்பவருக்கு மூன்று வருஷம் அதிர்ஷ்டம் இருக்காது என்றுகூடச் சொல்வார்கள். தனியாகக் குடிப்பவருக்கு அந்தப் பாவமும் இல்லை. எதிரேதான் யாரும் இல்லையே!

◆ சோஜு என்ற கொரிய மதுவின் 360 மில்லி பாட்டிலில் சுமார் ஏழு சின்னக் கோப்பை வரும். ஏழு பகா எண். இரண்டு பேர், மூன்று பேர், நாலு பேர் என்று எப்படிப் பிரித்தாலும் மிச்சம் விழும். மிச்சம் விழுந்தால் இன்னொரு பாட்டில் திறந்தாக வேண்டும் என்பது குடிமேஜைகளில் பழைய வேடிக்கை. ஒத்தை ஆளுக்கோ மிச்சமே விழாது.

◆ கொரியர்கள் காலங்காலமாக ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, நடுவில் கொதிக்கும் ஒரே சட்டியில் கரண்டி விட்டுச் சாப்பிட்டவர்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். கொரியர்களில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஜோசோன் அரசு காலத்து (1392–1910) யாங்பான் மேல்குடி வீட்டுக்குள் எட்டிப்பார்த்தால் கதை வேறு. வீட்டுப் பெரியவருக்குத் தனி மேஜை. விருந்தாளிக்குத் தனி மேஜை. அரண்மனை விருந்திலும் ஆளுக்கொன்று. பெண்களும் குழந்தைகளும் வேறிடத்தில், பல வீடுகளில் சமையலறையிலேயே, சாப்பிட்டார்கள். அந்தஸ்து வேறுபட்டவர்கள் ஒரே மேஜையில் கைவைப்பதுதான் அன்று ஒழுங்கீனம். குடும்பமே வட்டமேஜையைச் சுற்றி உட்காரும் வழக்கம் பரவலானது 20ஆம் நூற்றாண்டில்தான் என்பதைச் சூ யோங்-ஹா போன்ற கொரிய உணவு வரலாற்றறிஞர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஆக, 'தொன்றுதொட்ட வழக்கம்' என்று சொல்லித் தனியாளை விரட்டும் கடைக்காரரின் கொள்ளுத்தாத்தா, வசதியுள்ளவராக இருந்திருந்தால், தினமும் தனியாகத்தான் சாப்பிட்டிருப்பார்.

◆ அந்தத் தனி மேஜைக்குப் பெயர் சொபான். குட்டையான கால்கள், லேசான மரம், அகலம் ஒரு ஆளின் தோளளவு. தரையில் உட்கார்ந்திருப்பவரிடம் சமையலறையிலிருந்து சாப்பாட்டோடு அப்படியே தூக்கிவர வேண்டுமே, அதற்கேற்ற அளவு. நாஜு, தோங்யோங், ஹேஜு என்று ஊருக்கு ஊர் செய்நேர்த்தி மாறும். இதன் அழகில் மயங்கி 1929இல் ஒரு புத்தகமே எழுதியவர் ஜப்பானியர்: அசகாவா தகுமி. அன்று கொரியாவை ஆண்ட ஜப்பானியக் குடியேற்ற ஆட்சியின் வனத்துறையில் வேலை பார்த்தவர். 1931இல் நாற்பது வயதில் இறந்தார். அவர் கல்லறை இன்றும் சியோலின் மாங்குரி குன்றில் இருக்கிறது. இன்றைக்குப் பழைய சொபான்கள் சேகரிப்பாளர்கள் தேடி வாங்கும் கலைப்பொருள்.

◆ எளியவர்களின் தனிச்சாப்பாட்டுக்கும் சான்று இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டு ஓவியர் கிம் ஹோங்-டோ வரைந்த சத்திரக் காட்சியில் வழிப்போக்கர் ஒருவர் கிண்ணத்தைச் சாய்த்துப் பிடித்து, அடியில் ஒட்டிய கடைசிச் சோற்றைக் கரண்டியால் வழித்துக்கொண்டிருப்பார். வெட்கத்தின் சாயல் துளியும் இல்லை. ஓவியம் சியோலிலுள்ள கொரிய தேசிய அருங்காட்சியகத்தின் சொத்து.

◆ சூப்பில் சோற்றைப் போட்டுத் தரும் குக்பாப் கடைகளில் தனியாளை யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. டாக்சி ஓட்டுநர்களுக்கென்றே வளர்ந்த 'கிசா சிக்தாங்' உணவகங்கள் இன்னும் ஒருபடி மேல். ஆளுக்கு ஒரு தட்டத்தில் சோறு, சூப், கறி, பான்ச்சான் எல்லாம் ஒன்றாக வந்துவிடும். வண்டி நிறுத்த இடம் உண்டு. பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டுக் கிளம்பலாம். அந்த ஓட்டுநர் சாப்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டுபோய் 2024இல் நியூயார்க்கில் 'கிசா' என்ற பெயரில் கடை திறந்தார்கள்.

◆ கொரிய உணவகங்களின் எவர்சில்வர் சோற்றுக்கிண்ணம் எங்கே போனாலும் ஒரே அளவாக இருப்பது எப்படி? 1970களில் அரிசியை மிச்சம் பிடிக்க சியோல் நகர நிர்வாகம் போட்ட உத்தரவு: உள்விட்டம் 10.5 சென்டிமீட்டர், உயரம் 6 சென்டிமீட்டர். குழம்பு பொது, சோறு மட்டும் அரசாங்கமே ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து வைத்தது.

◆ இனி அரசியல். கொரிய அதிபர் தனியாகச் சாப்பிட்டால் அது செய்தி.

பார்க் குன்-ஹே அதிபர் மாளிகையில் தனியே சாப்பிட்டுப் பழகியவர். 2014 ஏப்ரல் 16 அன்று செவோல் கப்பல் மூழ்கி 304 பேர் இறந்த அந்த நாளிலும் அவர் வழக்கம்போலத் தனியாகவே சாப்பிட்டார் என்று மாளிகையின் முன்னாள் சமையற்காரர் 2016இல் பேட்டி கொடுத்தார். மக்களிடமிருந்து விலகிப்போன தலைவர் என்ற படத்துக்கு அந்த ஒற்றைத் தட்டு பொருத்தமாக அமைந்துவிட்டது.

அடுத்து வந்த மூன் ஜே-இன் 2017 டிசம்பரில் சீனா போனார். நாலு நாள் பயணத்தில் பத்து வேளைச் சாப்பாடு. சீனத் தலைவர்களோடு உட்கார்ந்தது இரண்டு வேளை. மீதியை எண்ணிப் பார்த்த எதிர்க்கட்சி, 'ஹொன்பாப் ராஜதந்திரம்' என்று பெயர் சூட்டியது. பெய்ஜிங்கில் சாதாரணக் கடை ஒன்றில் அவர் சோயாப்பாலும் பொரித்த மாவுக்குச்சியும் சாப்பிட்ட காலை உணவுதான் அதிகம் கேலிக்கு ஆளானது. அப்போது அவர் பக்கத்தில் மனைவியும் இருந்தார், தூதரும் இருந்தார்! யாருடன் சாப்பிட்டார் என்பதைவிட, யார் அவரை அழைக்கவில்லை என்பதுதான் எதிர்க்கட்சிக்குக் கணக்கு.

இந்தப் பாடத்தை நன்றாகப் படித்தவர் யூன் சோக்-யோல். 2021 செப்டம்பரில் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் தானே கிம்ச்சிக் குழம்பு வைத்துப் பரிமாறிவிட்டு, அதிபரானால் ஒருபோதும் தனியாகச் சாப்பிட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். ஜெயித்தார். 2024 டிசம்பரில் ராணுவச் சட்டம் அறிவித்து, 2025 ஏப்ரல் 4 அன்று அரசியல் சாசன நீதிமன்றத்தால் பதவி நீக்கப்பட்டார். நாலு பேரோடு சேர்ந்து சாப்பிடுகிறவர் நாலு பேர் சொல்வதைக் கேட்பார் என்று வாக்காளர்கள் நம்பினால், அதற்கு அவர்தான் பதில்.

◆ நாட்டு மக்களைக் கேட்டால், அவர்கள் எப்போதோ தனித்தட்டுக்கு மாறிவிட்டார்கள். 2000ஆம் ஆண்டில் தென்கொரியக் குடும்பங்களில் 15.5 விழுக்காடு ஒற்றை ஆள் வீடுகள். 2024இல் 36.1 விழுக்காடு, எண்ணிக்கையில் 80 லட்சத்துக்கும் மேல்.

◆ மாற்றத்தை முதலில் மோப்பம் பிடித்தது டி.வி.தான். 2013 நவம்பரில் தொடங்கிய 'வாங்க சாப்பிடலாம்' என்ற பொருள்படும் தொடரின் நாயகி விவாகரத்தாகித் தனியே வாழ்பவள், சாப்பாட்டுப் பிரியை, ஆனால் ஆசைப்பட்ட உணவுக்கெல்லாம் கூட ஒரு ஆள் வேண்டும். தொடர் மூன்று பருவம் ஓடியது. 2021இல் ஹோங் சோங்-உன் இயக்கிய 'தனியே வாழ்பவர்கள்' படம் அதே விஷயத்தைச் சிரிப்பில்லாமல் பார்த்தது: கைப்பேசித் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் சாப்பிட்டு முடிக்கும் கால்சென்டர் பெண்.

◆ திரையில் ஒருத்தர் மலைபோலக் குவித்துவைத்துத் தின்ன, ஊரே பார்க்கும் முக்பாங் பிறந்ததும் கொரியாவில்தான், ஆஃப்ரிக்கா டி.வி. என்ற நேரலைத் தளத்தில், 2010ஐ ஒட்டி. கொரியாவில் இதைப் பார்த்துக்கொண்டே தன் சோற்றைச் சாப்பிடுகிறவர்கள் ஏராளம். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி 2021இல் பான்ச்சான், சம்கியோப்சல் ஆகியவற்றோடு முக்பாங்கையும் சேர்த்துக்கொண்டது.

◆ கிம் ஹே-ஜா என்ற மூத்த நடிகை கொரியாவுக்கே அம்மா. 22 வருஷம் ஓடிய கிராமத்துக் குடும்பத் தொடரில் அம்மாவாக இருந்தவர். போங் ஜூன்-ஹோவின் 2009 படமான 'மதர்' இவரை வைத்துத்தான். 2010இல் ஜிஎஸ்25 கன்வீனியன்ஸ் ஸ்டோர்கள் இவர் படத்தை ஒட்டி ஒரு சாப்பாட்டுப் பெட்டி விற்றன. விலைக்கு மேல் நிறைவாக இருந்ததால், கொடுத்த காசுக்கு மேல் கிடைக்கும் எதையும் 'ஹே-ஜா மாதிரி' என்று இளைஞர்கள் சொல்லத் தொடங்கினார்கள். 2017இல் நின்றுபோன பெட்டி, விலைவாசி ஏறிய 2023இல் திரும்பி வந்தது. அறையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்கு மூடியில் ஒரு அம்மா முகம்! விற்பனைத் துறையில் யாரோ ஒரு கெட்டிக்காரர் இருந்திருக்கிறார்.

◆ 2021 டிசம்பரில் கொரோனாக் கட்டுப்பாடு இறுகியபோது, தடுப்பூசி போடாதவர்கள் உணவகத்தில் தனியாக மட்டுமே சாப்பிடலாம் என்றது அரசு. அதுவரை கூச்சமாக இருந்த ஒன்று சட்டமானது. அப்படித் தனியே வந்தவர்களையும் திருப்பி அனுப்பிய கடைகள் உண்டு.

◆ 2025 கோடையில் யோசு என்ற கடலோர ஊரில் ஒரு யூடியூபர் தனியாகச் சாப்பிடப் போனார். விதிப்படி இரண்டு ஆள் அளவு வாங்கினார். அப்படியும், சீக்கிரம் முடி என்று கடைக்காரர் விரட்டிய காட்சி நாடெங்கும் பரவி, நகர நிர்வாகமே மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. இரண்டு பேர் காசைக் கொடுத்த பிறகும் கோபம் என்றால், கல்லாக்கணக்கு மட்டுமே காரணமில்லை என்று தெரிகிறது.

◆ தனியாகப் போகிறவர்களுக்குச் சில தகவல்கள். மேஜை மேல் கரண்டி இல்லையென்றால் மேஜையின் பக்கவாட்டு இழுப்பறையைத் திறங்கள். ஆளைக் கூப்பிட மேஜையில் பொத்தான் இருக்கும். டிப்ஸ் தேவையில்லை. மதியம் பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை அலுவலகக் கூட்டம். அப்போது நாலு நாற்காலி மேஜை கேட்காதீர்கள். ஒன்றரைக்குப் போனால் நல்ல வரவேற்பு. மூன்றுக்குப் போனால் கதவில் 'பிரேக் டைம்' அட்டை தொங்கக்கூடும். பல கடைகள் ஐந்து மணிக்குத்தான் திறக்கும்.